28 மி.மீ. கெல்ட் படையை ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக, பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் இன வீரர்களின் சிறு பிளாஸ்டிக் உருவங்களை இரண்டு பெட்டி வாங்கி வைத்திருப்பதாகவும், 80 காலாட்களும் சட்டகத்திலிருந்து வெட்டப்படாமலே கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. சீருடை என்பதே இல்லாத இந்தப் படையை, ஆளுக்கு ஆள் வேறுபட்டும் மேசையில் பார்க்கும்போது ஒரே படையாகவும் தெரியும்படி எப்படித் தீட்டுவது? உடம்பில் நீலச் சாயம் பூசத்தான் வேண்டுமா? பாதியில் சலித்து நிறுத்திவிடாமல் 80 பேரையும் முடிக்க என்ன வழி? இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால் தனித்தனியாகப் பிரிக்காமல், வேலை நடக்கும் வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு முடிவை எடுத்துவிடுங்கள்: உங்கள் படை எந்த ஆண்டில், எந்த மண்ணில் நிற்கிறது? கெல்ட் என்ற ஒரே பெயருக்குள் பல நூற்றாண்டுகளும் பல நாடுகளும் அடங்கியிருக்கின்றன. கி.மு. 279-இல் கிரேக்கத்தின் டெல்ஃபியை நோக்கிப் படையெடுத்தவர்களும், கி.மு. 52-இல் அலேசியாவில் வெர்சிஞ்ஜெடோரிக்ஸின் தலைமையில் ஜூலியஸ் சீசரை எதிர்த்தவர்களும், அதற்கும் நூறாண்டு கழித்துப் பிரிட்டனில் அரசி பூடிக்காவின் பின்னால் திரண்டவர்களும் பெட்டியின் அட்டையில் ஒரே பெயரில் வந்துவிடுகிறார்கள். இவர்கள் எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால் கிடைப்பது எந்தப் போர்க்களத்திலும் நின்றிராத ஒரு படை. ரதங்களை மட்டும் பாருங்கள். கி.மு. 225-இல் இத்தாலிக்குள் நுழைந்த கெல்ட் படையில் ரதங்கள் இருந்தன. ஆனால் கௌல் நாட்டில், அதாவது ஏறத்தாழ இன்றைய பிரான்ஸில், ஆண்டுக்கணக்கில் போரிட்ட சீசர் அங்கே போர் ரதங்களைப் பற்றிப் பேசவே இல்லை, கி.மு. 55-இல் கடலைத் தாண்டிப் பிரிட்டனுக்குப் போன பிறகுதான் அவற்றை எதிர்கொள்கிறார். எனவே அலேசியாப் படைக்கு ரதம் வாங்குவது பணத்துக்கும் உழைப்புக்கும் கேடு.

நான் பரிந்துரைப்பது கி.மு. 225-இல் இத்தாலியின் மேற்குக் கரையில் நடந்த டெலமோன் போர். இரண்டு ரோமானியப் படைகளுக்கு நடுவில் கெல்ட்கள் அகப்பட்டுக்கொண்டு, முதுகோடு முதுகு சேர்த்து இரு திசையிலும் முகம் காட்டி நின்ற போர் அது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதை எழுதும்போது யார் எங்கே நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறார். கெல்ட் தரப்பில் 50,000 காலாட்களும், குதிரைப்படையும் ரதங்களுமாக 20,000 பேரும் இருந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. ஒருபுறம் கேசாட்டே எனப்பட்ட கூலிப்படையினரும் அவர்களுக்குப் பின்னால் இன்சுப்ரேஸ் குலத்தாரும், மறுபுறம் டௌரிஸ்கி, போயி குலத்தாரும் நின்றார்கள். இன்சுப்ரேஸ்களும் போயிகளும் காற்சட்டையும் இலேசான மேலாடையும் அணிந்திருந்தார்கள். ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்தும் ரோன் ஆற்றங்கரையிலிருந்தும் வந்த கேசாட்டேகளோ ஆடைகளைக் களைந்துவிட்டு, ஆயுதங்களை மட்டும் ஏந்தி முன்வரிசையில் நின்றார்கள். முன்னணியில் நின்றவர்கள் எல்லாரும் பொன் கழுத்து வளையங்களும் கை வளையங்களும் பூட்டியிருந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். படை அடுக்கு, ஆடை, அணிகலன் மூன்றுக்கும் இப்படி ஒரே இடத்தில் விடை கிடைக்கும் போர்கள் மிகக் குறைவு.

இனி ஒட்டும் வேலை. பெட்டியில் வரும் கைகளில் வாள் பிடித்தவை அதிகமாக இருக்கும்; அவற்றை அப்படியே ஒட்டிவிடத்தான் கை போகும். நீண்ட இரும்பு வாள் வசதி படைத்தவனின் ஆயுதம், ஈட்டியே பெரும்பாலோரின் ஆயுதம் என்று கொண்டு, மூவரில் இருவருக்காவது ஈட்டியைக் கொடுங்கள். பிளாஸ்டிக் ஈட்டிகள் ஆறு மாதத்தில் ஒடிந்துவிடும் என்பதால், அவற்றின் தண்டை வெட்டியெறிந்துவிட்டு 0.8 மி.மீ. கம்பியைப் பொருத்தி, முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி அரத்தால் கூராக்கிக்கொள்வது என் வழக்கம். வளையக் கவசம் அணிந்த உடல்களைக் குலத்தலைவர்களுக்கும் அவர்களுக்கு அருகில் நிற்கும் இரண்டொருவருக்கும் மட்டும் ஒதுக்கிவையுங்கள். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் அந்தக் கவசம் கெல்ட்களிடம் தோன்றியது என்று ரோமானிய அறிஞர் வாரோவே குறிப்பிட்டிருந்தாலும், அதைச் செய்யும் உழைப்பும் விலையும் சாதாரண வீரனுக்கு எட்டாதவை. தலைக்கவசமும் அப்படித்தான், பத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் போதும்.

கேடயங்களை இப்போது ஒட்டாதீர்கள். கெல்ட் கேடயம் ஆளின் தோளிலிருந்து முழங்கால்வரை மறைக்கும் அளவுக்கு நீளமானது. அதை ஒட்டிவிட்டால் பின்னால் இருக்கும் மார்புக்கும் கைக்கும் தூரிகை போகாது. என் முதல் 30 வீரர்களை நான் அப்படித்தான் முழுமையாக ஒட்டி முடித்தேன். ஒவ்வொருவனின் இடது பாதியும் இன்றுவரை பிரைமர் எனும் அடிப்பூச்சின் நிறத்திலேயே இருக்கிறது. கேடயங்களை ஐஸ்கிரீம் குச்சிகளில் பத்துப் பத்தாக இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டித் தனியே தீட்டுங்கள். வீரர்களைத் தண்ணீர் பாட்டில் மூடிகளின்மேல் நிறுத்திக்கொண்டால் கை உருவத்தில் படாமல் பிடித்துத் தீட்டலாம். வார்ப்பு அச்சின் இணைப்பில் எழுந்த அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுப்பதில் பொறுமை காட்டுங்கள். கெல்ட்களுக்கு வெற்றுத்தோல் அதிகம். தோளின்மேல் ஓடும் கோட்டின்மீது வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம், இறங்கினால் அது தழும்பு போலத் துருத்திக்கொண்டு தெரியும்.

பிரைமருக்குக் கறுப்பு வேண்டாம். தோலும் வெளிர் ஆடைகளும் நிறைந்த படைக்கு எலும்பு வெள்ளை அல்லது மணல் நிறம்தான் ஏற்றது; வளையக் கவசக்காரர்களுக்கு மட்டும் கவசத்தின்மேல் கையால் கறுப்பு பூசிக்கொள்ளலாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரக்காற்று வீசும் நாளில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பெயிண்ட் பொடிப்பொடியாகப் படியும், அல்லது வெண்படலமாக உறையும். மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் பிரைமரே நிம்மதி. வெயில் காலத்தில் தொல்லை வேறு மாதிரி. அக்ரிலிக் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டுக்கொள்ளுங்கள். கலந்து வைத்த நிறம் மறுநாள் வரை ஈரமாகவே இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஆள் வேறுபாடு வேண்டும் என்றதும் புதியவர்கள் 30 புட்டிகளைத் திறந்து ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புது நிறத்தைத் தேடுகிறார்கள். அப்படித் தீட்டிய படை மேசையில் மிட்டாய்க் கடைபோல இருக்குமே தவிர, கூட்டமாகத் தெரியாது. அந்த மக்களிடம் இருந்த சாயங்களை எண்ணிப் பாருங்கள். நீலத்துக்கு வோட் என்ற செடி. அதன் இலையில் இருக்கும் சாயப்பொருள் நம்முடைய அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான். பச்சை இலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, துணியை முக்கிக் காற்றில் ஆற்றியதும் நீலமாக மாறும் வித்தையும் இரண்டுக்கும் ஒன்றே. சிவப்புக்கு மேடர் வேர், நம் மஞ்சிட்டியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி. மஞ்சள் ஏற்றிய துணியை நீலத்தில் முக்கினால் பச்சை. இவற்றோடு ஆட்டு உரோமத்துக்கு இயல்பாகவே உள்ள வெள்ளை, பழுப்பு, சாம்பல், கருப்பழுப்பு. ஆக மொத்தம் எட்டு நிறங்கள். இந்த எட்டுக்குள் நின்றுகொண்டால் படை தானாகவே ஒன்றுபடும்.

இவை மங்கிய நிறங்கள்தானே, பாதிப் படை சேற்று நிறத்தில் போய்விடாதா என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கங்களில் உப்பு காத்துவைத்த துணித்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 2500 ஆண்டுகளைத் தாண்டியும் கட்டமும் கோடும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. கௌல் மக்கள் பல நிறச் சட்டைகளையும், கோடும் நெருக்கமான கட்டமும் போட்ட மேலாடைகளையும் அணிந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸும் எழுதுகிறார். அவர்கள் நிறத்தை விரும்பிய மக்கள். புதிதாகச் சாயமேற்றிய உடையைத் தலைவனுக்கும் முன்வரிசைக்கும் கொடுங்கள்; பின்வரிசையில் அதே நிறத்தில் சிறிது சாம்பலைக் கலந்து, பல மழையும் வெயிலும் பட்டு வெளுத்த துணியாக்குங்கள். எட்டு நிறங்களும் இப்படிப் பதினாறாகப் பெருகும், ஆனால் குடும்பம் ஒன்றாகவே இருக்கும்.

வேலை செய்யும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. 20 வீரர்களை ஒரு தொகுதியாக எடுங்கள். ஒரு மாலையில் ஒரே ஒரு புட்டியைத் திறங்கள், மேடர் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவனுக்குக் காற்சட்டை, இரண்டாமவனுக்கு மேலாடை, மூன்றாமவனுக்கு ஒன்றுமில்லை, நான்காமவனுக்குச் சட்டை, ஐந்தாமவனுக்கு வாள்வார் என்று ஒழுங்கில்லாமல் இட்டுக்கொண்டே போங்கள். அருகருகே நிற்கும் இருவருக்கு ஒரே இடத்தில் ஒரே நிறம் வரக்கூடாது என்ற ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். மறுநாள் நீலம், அதற்கு மறுநாள் மஞ்சள். எட்டு மாலைகளில் 20 பேரும் உடுத்திவிடுவார்கள்; அவர்களில் எந்த இருவரும் ஒன்றுபோல இருக்கமாட்டார்கள். சலிப்புக்கு இதுவே மருந்து என்பது என் உறுதியான கருத்து. அரை மணி நேரம் கிடைத்தாலும் ஒரு நிறம் முடிகிறது. எங்கே விட்டோம் என்று மறுநாள் தேட வேண்டியதில்லை. எண்பதையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பியவர்களில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கட்டம் போட்ட துணியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் கெல்ட் படையில் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். நெசவை நினைத்துக்கொண்டால் தீட்டுவது எளிது. பழுப்புத் துணியில் நீலக் கோடு பாவு எனும் நெடுக்கு நூலிலும் ஓடுகிறது, ஊடை எனும் குறுக்கு நூலிலும் ஓடுகிறது. நீலப் பாவு பழுப்பு ஊடையோடு சேரும் இடத்தில் அரைநீலம்தான் தெரியும். நீலப் பாவும் நீல ஊடையும் சந்திக்கும் சதுரத்தில் மட்டும் முழுநீலம் தெரியும். கையில் கட்டம் போட்ட கைலி ஒன்று இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இது கண்ணுக்குத் தெரியும். எனவே காற்சட்டைக்கு முதலில் பழுப்பைப் பூசி, மடிப்புகளில் வாஷ் இறக்கிக் காயவிட்டு, மேடுகளை வெளுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீலத்தைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நெடுக்குக் கோடுகளை இழுங்கள். கோடு நேராக இருக்க வேண்டியதில்லை. முழங்கால் மடியும் இடத்தில் துணியோடு சேர்ந்து வளைய வேண்டும். அது காய்ந்ததும் அதே கலவையால் குறுக்குக் கோடுகள். இவை காலைச் சுற்றி வளையம்போல் ஓட வேண்டும். கடைசியில், கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் கலக்காத நீலத்தால் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு விழுந்ததும் கோடுகள் துணியாக மாறிவிடும். தூரிகை மெல்லியதாக இருப்பதைவிட அதன் முனை கூராக இருப்பதுதான் முக்கியம். மிகச் சிறிய தூரிகையில் பெயிண்ட் நிற்காமல் முனையிலேயே காய்ந்துவிடும். இப்படி எண்பதுக்கும் போடத் தேவையில்லை. தொகுதிக்கு நால்வருக்குக் கட்டமும், ஐந்தாறு பேருக்குக் கோடும் போட்டு அவர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள்.

தோல் நிறத்தில் இரண்டு மூன்று கலவைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சற்றுச் சிவப்பு, ஒன்றில் சற்று வெளுப்பு. மெல்லிய செம்பழுப்பு வாஷ் இட்டு, மூக்கு, கன்னம், தோள், முழங்கால் ஆகிய மேடுகளை மீண்டும் வெளிச்சமாக்கினால் போதும். கண்மணி வரைவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 28 மி.மீ. உருவம் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு அளவுடையது. மேசையில் 60 செ.மீ. தொலைவிலிருந்து அதைப் பார்ப்பது, உண்மையான மனிதனை 30 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் கண்குழியின் நிழல்தான் தெரியும், மணி தெரியாது. உடல்வாகுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால், ரோமின் கேப்பிட்டலைன் அருங்காட்சியகத்தில் உள்ள 'இறக்கும் கௌல் வீரன்' சிலையின் படத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆசியாவின் பெர்கமோன் அரசர்கள் கெல்ட்களை வென்றதன் நினைவாக எழுப்பிய ஒரு சிலையின் ரோமானியப் பிரதியாக அது கருதப்படுகிறது. ஆடையில்லாத உடல், கழுத்தில் முறுக்கு வளையம், மேலுதட்டில் மட்டும் மீசை, கற்றை கற்றையாக விறைத்த முடி என்று கேசாட்டே வீரனுக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்த விறைத்த முடி சுண்ணாம்பின் வேலை. கௌல் ஆண்கள் சுண்ணாம்பு நீரால் தலையை அடிக்கடி அலசி, நெற்றியிலிருந்து உச்சிக்கும் பிடரிக்கும் இழுத்து வாரினார்கள். முடி குதிரைப் பிடரிபோலத் தடித்துவிட்டது என்று டியோடோரஸ் சொல்கிறார். இதை வெறும் மஞ்சளாகத் தீட்டிவிட்டால் பொன்முடியாகத் தெரியுமே தவிர, சுண்ணாம்பு தெரியாது. வேர்ப்பகுதியில் வெளிர்பழுப்பை வைத்து, மேலே போகப் போக வைக்கோல் நிறம், முனையில் எலும்பு வெள்ளை என்று ஏற்றுங்கள். புருவத்தையும் மீசையையும் வேரின் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். முடி வெளுத்து மீசை கருத்திருப்பதைப் பார்த்ததும், இது இயற்கை நிறமல்ல, ஏதோ பூசியிருக்கிறான் என்பது கண்ணுக்குப் புரிந்துவிடும். எல்லாருக்கும் இதைச் செய்யாமல் தொகுதிக்கு ஆறேழு பேருக்குச் செய்து, மற்றவர்களுக்குச் செம்பட்டை, பழுப்பு, கறுப்பு முடிகளைக் கொடுங்கள்.

நீலச் சாயத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேரான பதில்: டெலமோன் படைக்கு வேண்டாம். உடம்பில் நீலம் பூசிக்கொண்டவர்கள் என்று சீசர் எழுதியது பிரிட்டன் மக்களைப் பற்றி, கௌல் மக்களைப் பற்றி அல்ல. டெலமோனில் கேசாட்டேகளின் தோற்றத்தை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் பொலிபியஸ், வெற்றுடலையும் பொன்னையும் சொல்கிறார், சாயத்தைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் பிரிட்டன் படையொன்றைக் கட்டுவீர்களானால் அப்போது பூசுங்கள். அப்போதும் திரைப்படங்களில் வருவதுபோல அடர்நீலத்தை அப்பாமல், நீலத்தில் சாம்பலும் நிறையத் தண்ணீரும் கலந்து, அடியில் தோல் தெரியும்படி இரண்டு மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். சீசர் சொல்வது சாயம் பூசுவதைத்தான், பச்சை குத்துவதை அல்ல. ஆகவே ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் விரலால் இழுத்ததுபோல மங்கியிருக்கலாம்.

கேடயங்களில்தான் படையின் முகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் கேடயத்தைத் தமக்கே உரிய வகையில் அலங்கரித்தார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருப்பது நமக்குப் பெரிய உரிமையைத் தருகிறது; அதே நேரத்தில் அந்த உரிமையில் வழிதவறுவதும் எளிது. கடைகளில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபர்களில், அதாவது அச்சிட்ட சித்திர ஒட்டுத்தாள்களில், பலவும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பேட்டர்சீ கேடயத்தின் சுருள்களைப் பின்பற்றுபவை. அது 1857-இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த, அழகே வடிவான பொருள்தான். ஆனால் அது வெண்கலத்தகடு போர்த்திய, போருக்கு உதவாத, பிரிட்டனைச் சேர்ந்த காட்சிப் பொருள். அந்த வடிவத்தை 80 பேருக்கும் ஒட்டுவது பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் லா டேன் ஏரிக்கரையில் கிடைத்த கேடயங்கள் உண்மையான வீரனுடையவை: நீள்வட்ட மரப்பலகை, நடுவில் நெடுக ஓடும் முதுகெலும்புபோன்ற மரத்தண்டு, அதன்மேல் இரும்புப் பட்டை. தென் பிரான்ஸின் ஒராஞ்ஜ் நகரத்து ரோமானிய வளைவில் செதுக்கியிருக்கும் கௌல் கேடயங்களிலும் பலவகைச் சித்திரங்களைக் காணலாம். என் கணக்கு இது: பாதிக் கேடயங்களில் ஒரே நிறமும் வேறு நிற விளிம்பும், கால்பங்கில் கையால் வரைந்த எளிய வடிவங்கள், மிச்சமுள்ள கால்பங்குக்கு மட்டும் டிரான்ஸ்ஃபர். கையால் வரைவதற்கு அஞ்ச வேண்டாம். மூன்று சுருள்கள் ஒரு புள்ளியில் கூடும் வடிவமோ, ஒரு காட்டுப்பன்றியின் பக்கத்தோற்றமோ சற்றுக் கோணலாக வந்தாலும், வீரன் தானே வரைந்ததாகத்தான் தோன்றும். டிரான்ஸ்ஃபர் ஒட்டுமுன் கேடயத்துக்குப் பளபள வார்னிஷ் பூசுங்கள். இல்லாவிட்டால் தாளின் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மின்னும்.

உலோகத்தைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பலர் கார்னிக்ஸ் என்னும் போர்க்கொம்புக்கும் தலைவனின் தலைக்கவசத்துக்கும் பச்சைக் களிம்பு ஏறியதுபோல் தீட்டுகிறார்கள். அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் பச்சை, மண்ணுக்கடியில் இரண்டாயிரம் ஆண்டுகள் கிடந்ததால் வந்தது. கையில் ஏந்திப் போனவனின் வெண்கலம், துலக்கிய நம் குத்துவிளக்கைப்போல் பொன்னிறமாக ஒளிர்ந்திருக்கும். கார்னிக்ஸ் ஆள் உயரத்தில் நிமிர்ந்து, மேலே காட்டுப்பன்றித் தலையாக வாய் பிளந்து நிற்பது. 1891-இல் டென்மார்க்கில் கிடைத்த குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் மூவர் வரிசையாக நின்று அதை ஊதும் காட்சி இருக்கிறது. 2004-இல் பிரான்ஸின் டின்டிஞாக்கில் ஒரே குழியிலிருந்து பல கார்னிக்ஸ்களை எடுத்தார்கள். டெலமோனில் எண்ணற்ற கொம்புகளும் எக்காளங்களும் ஒலித்ததில் சுற்றியிருந்த நிலமே குரல் கொடுப்பதுபோல் இருந்தது என்று பொலிபியஸ் சொல்கிறார். ஆகவே 20 பேருக்கு ஒரு கார்னிக்ஸாவது வைத்து, அதை அந்தத் தொகுதியிலேயே மிகப் பிரகாசமான பொருளாகத் தீட்டுங்கள். ஈட்டிமுனையும் வாளும் இரும்பு. அவற்றுக்கு வெள்ளியில் கறுப்பு வாஷ் போதும். கழுத்து வளையங்களுக்குத் தங்கத்தைக் கடைசியாக, ஒரே தொடுகையில் வையுங்கள்.

குதிரைகளைக் குட்டையான இனமாகத் தேர்ந்தெடுங்கள். ரதத்துக்கு இரண்டு குதிரைகள், ஓட்டுபவன் ஒருவன், வீரன் ஒருவன். அவை படையின் இரு ஓரங்களிலும் நின்றன. 80 காலாட்களுக்கு இரண்டு ரதங்களும் பத்துப் பன்னிரண்டு குதிரைவீரர்களும் பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

நிறங்கள் முடிந்ததும் கேடயங்களை ஒட்டி, முழு உருவத்துக்கும் முதலில் பளபள வார்னிஷ், பிறகு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஒருமுறை மழை விட்ட மாலையொன்றில் அவசரப்பட்டு 20 பேருக்கு மேட் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் எல்லாரும் விபூதி பூசியதுபோல் வெளுத்திருந்தார்கள். அப்படி நேர்ந்தால் பதறிப்போய்ச் சுரண்ட வேண்டாம். தூரிகையால் பளபள வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பி வந்துவிடும், எனக்கும் வந்தது. நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசினேன்.

அடித்தட்டுகளுக்கு எந்த ஆட்டவிதியைப் பின்பற்றுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. 60 மி.மீ. அகலமுள்ள தட்டுகள் பல விதிகளுக்கும் பொருந்திப் போகும். தட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 80 பேருக்கு 16 தட்டுகள்; நான்கு தட்டுகளை இரண்டு வரிசையாகச் சேர்த்தால் 20 பேர் கொண்ட ஒரு திரள். ரோமானியர்களைப்போல் அணிவகுத்து ஒட்டாமல், இருவரை முன்னால் தள்ளியும் ஒருவனைச் சாய்த்தும், கேடயங்கள் ஒன்றையொன்று உரசும்படியும் நெருக்கி ஒட்டுங்கள். தலைவனின் தட்டில் மட்டும் மூன்று பேரை வைத்து அவனைச் சுற்றிச் சிறிது இடம் விடலாம். மேசையில் கெல்ட் திரளின் பலமெல்லாம் முதல் மோதலில்தான் என்று பல விதிகளும் வகுத்திருக்கின்றன. அந்த வேகம் நிற்கும் நிலையிலேயே தெரிய வேண்டும். உருவங்களை ஒட்டும் முன் தரையில் வைத்துப் பார்த்து, எல்லா முகங்களும் ஒரே திசையில் எதிரியை நோக்குகின்றனவா என்று சரிபாருங்கள்.

தரைக்கு ஃபெவிகாலைத் தடவி மெல்லிய மணலைத் தூவி, காய்ந்ததும் மண்பழுப்பும் மேலே வெளிர்மஞ்சளும் உலர்தூரிகையால் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால்) இழுத்து, இத்தாலியக் கரையின் காய்ந்த புல்லை வைக்கோல் நிறத்தில் ஒட்டுங்கள். கேசாட்டே வீரர்களின் தட்டுகளில் மட்டும் புல்லைக் குறைத்து, முறுக்கிய மெல்லிய கம்பியிலோ காய்ந்த வேர்த்துணுக்கிலோ முட்புதர்களைச் செய்து வையுங்கள். அந்த நிலத்தில் முட்செடிகள் மண்டியிருந்தன, அவை உடையில் சிக்கி ஆயுதம் வீசுவதைத் தடுக்கும் என்பதால்தான் கேசாட்டேகள் ஆடைகளைக் களைந்தார்கள் என்பது பொலிபியஸ் சொல்லும் காரணம். ஆடையில்லாத வீரனின் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்த முள் நின்றால், அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று மேசைக்கு வருகிறவர் யாரும் கேட்க வேண்டியிருக்காது.